மூன்றாவது அளவு

"கையெழுத்தா, கைநாட்டா?"

ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட மோகனாவை வேலைக்குச் சேர்க்கும்போது, வால்வு சோதிக்கும் பட்டறையின் முதலாளி நவநீதன் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இன்று ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல் கம்பெனிகளின் பாய்லர் வால்வுகளில் பாதி, அவள் கையெழுத்துப் போட்ட தாளோடுதான் திரும்பிப் போகின்றன.

அன்றைக்கு அது எட்டாவது வால்வு. பம்பு அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"எந்தக் கம்பெனி பாய்? மேல எழுதணும்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மஹபூப் பாஷா துணிப்பையை மடியில் சரிசெய்துகொண்டார். "வால்வு நம்பர் போதும்மா."

வால்வு கொண்டுவருகிறவர்கள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பார்கள். பாய்லர் நின்றால் தோல் காயாது, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பெரியவர் மட்டும் வாங்கிக் கொடுத்த டீயை ஆற அமரக் குடித்தார்.

மோகனா வால்வை ஸ்டாண்டில் இறுக்கினாள். குழாயை மாட்டி, கேலிபரேட்டரில் சுழியம் வைத்தாள். வால்வு திறக்கிற நொடியில் எவ்வளவு அழுத்தம் என்று பிடித்து நிறுத்திக் காட்டும் கருவி அது. இந்த வால்வு பத்தரை கிலோ அழுத்தத்தில் திறந்து, மிஞ்சிய நீராவியை வெளியே விட வேண்டும்.

"மோகனா! இன்னும் ஆறு நிக்குது. ஒரு வாட்டி போட்டு அனுப்பும்மா!" உள்ளேயிருந்து நவநீதன் கத்தினார்.

"மூணு வாட்டி போடும்மா" என்றார் பாய், தணிந்த குரலில்.

அவளுக்குச் சுருக்கென்றது. "பொம்பள போட்டாலும் மிஷின் அதே நம்பரத்தான் காட்டும் பாய்."

"தெரியும்மா. போடு."

பம்பை மெல்ல அழுத்தினாள். புஸ்ஸென்று திறந்தது. 10.52.

"பாத்தீங்களா, தங்கம்!"

"இன்னொரு வாட்டி."

பெருமூச்சோடு எண்ணை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். பத்தரை தாண்டியது. பதினொன்று தாண்டியது. 11.90இல்தான் திறந்தது. மோகனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை பதினான்கைத் தொட்டும் வால்வு அசையவில்லை. பயந்துபோய் அழுத்தத்தை இறக்கினாள்.

"உள்ள தண்டு சிக்குது பாய். மொத வாட்டி நல்ல புள்ள மாதிரி நடிக்கும். அதுக்குத்தான் மூணு வாட்டி போடறது."

"மூணு வாட்டியும் ஒரே நம்பர் வருமா?"

"வராது பாய், புள்ளிக்கு அப்புறம் கொஞ்சம் ஆடும். மூணும் அச்சடிச்ச மாதிரி இருந்தா, ஒரு வாட்டி போட்டுட்டு மீதிய சும்மா எழுதிட்டாங்கன்னு அர்த்தம்."

அவர் தலையாட்டினார். "இப்ப வந்தத அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடும்மா."

எழுதினாள். 'தகுதியற்றது' என்று அடிக்கோடிட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "இத மாட்டிடாதீங்க பாய். பக்கத்துல நிக்கறவன் உசுரு போய்டும்."

"போய்டுச்சும்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"நாலு மாசம் ஆவுது. பாய்லர் வெடிச்சிடுச்சு. எம் பையன் சமீருல்லாதான் அதப் பாத்துக்கினு இருந்தான். தண்ணி இருக்குதான்னு பாக்காம தூங்கிட்டான்னு, செத்தவன் மேலயே எழுதிட்டாங்க. எம் பையன் டூட்டில தூங்கறவன் இல்லம்மா. இந்த வால்வ பழைய இரும்புக் கடையில தேடிப் புடிச்சேன்."

மோகனா எழுந்துவிட்டாள்.

"கடைசியா டெஸ்ட் பண்ண தாள் இருக்கா பாய்? இருந்தா குடுங்க. எவன் அவன், மனசாட்சியே இல்லாம கையெழுத்துப் போட்டவன்? நானே வந்து சாட்சி சொல்றேன்!"

பாய் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அவள் இப்போது எழுதிக் கொடுத்ததற்குப் பக்கத்தில், மேஜைமேல் விரித்து வைத்தார்.

அதே வால்வு நம்பர். போன வருஷத்துத் தேதி. 10.47, 10.47, 10.47.

இரண்டு தாள்களின் அடியிலும் ஒரே கையெழுத்து. மோகனா.

உள்ளேயிருந்து நவநீதன் மறுபடியும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மஹபூப் பாஷா இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்தார். வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.