பழைய அட்டை

டிரைவர் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்து எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று சொன்னார். கடைசி வரியின் பொடி எழுத்தில்கூடத் தடுமாறவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு கண் யாருக்கு வாய்க்கும் என்ற மிதப்போடு கையை இறக்கினார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பஸ் டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கண்ணைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. அவர் கையெழுத்து விழுந்தால் ஸ்டியரிங், விழாவிட்டால் வீடு.

"இப்ப ரெண்டு கண்ணாலயும் பாரு. பழைய அட்டையைக் கழட்டிட்டேன்."

டிரைவர் பார்த்தார். அவர் சொன்னதற்கும் அங்கே இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. பதினோரு வருஷமாக அதே ஆணியில் தொங்கிய பழைய அட்டையை நல்ல கண்ணால் பார்த்து அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அது டாக்டருக்கும் தெரியும். இருவருமே அதைப் பற்றி இதுவரை மூச்சு விட்டதில்லை.

"என்கிட்டயே உன் வேலையைக் காட்டிட்டியே, புதுசு" என்றார் டிரைவர்.

இரண்டாம் வகுப்பில் பாதி வருஷத்தில் வந்து சேர்ந்ததால் டாக்டருக்கு அந்தப் பெயர். வகுப்பில் ஒருவரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தது டிரைவர் ஒருவர்தான்.

அந்த மாதமே பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். டீச்சர் அப்போதே அவர்களைப் பையோடு முதல் பெஞ்சுக்கு மாற்றினார், வகுப்பே 'நாலு கண்ணு' என்று சிரித்தது. அடுத்து டிரைவர் இடது கண்ணால் ஒன்றும் தெரியாமல் திருதிருவென்று விழித்தபோது, பின்னால் நின்ற புதுசு ஒவ்வொரு எழுத்தாகக் காதில் ஓதினான்.

அந்தக் கேலியிலிருந்து காப்பாற்றியவன் என்று டிரைவர் அவனை நாற்பத்தாறு வருஷமாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெற்ற மகனுக்கே அவன் பெயரைத்தான் வைத்தார்.

போன வாரம் டிரைவர் ஓட்டிய பஸ்ஸில் தான் வந்ததாக டாக்டர் மெதுவாகச் சொன்னார். இடது பக்கம் ஒரு பெண் சைக்கிளில் வந்ததையும், அவள் நடைபாதைக்குத் தாவிப் பிழைத்ததையும் சொன்னார். டிரைவர் அதைக் கவனிக்கவே இல்லையாம். அன்று சாயங்காலமே டாக்டர் ஆணியிலிருந்து அட்டையை எடுத்துவிட்டாராம்.

டிரைவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இன்னும் ஐந்து வருஷ சர்வீஸ் இருக்கிறது, பஸ்ஸை விட்டால் வேறு தொழில் தெரியாது என்று என்னென்னவோ சொன்னார்.

"ஏழு வயசுல காப்பாத்தினவன், இப்ப நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேடா."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இது வயதால் வந்த கோளாறு இல்லை, சின்ன வயதிலிருந்தே இருக்கும் சோம்பேறிக் கண் என்றார். ஓயாமல் உழைக்கிறவனுக்குச் சோம்பேறிக் கண்ணா என்று டிரைவருக்குச் சிரிப்புகூட வந்தது. ஏழு வயதிலேயே கண்ணாடி போட்டிருந்தால் சரியாகியிருக்கும், இனி எந்த வைத்தியமும் பலிக்காது என்றார் டாக்டர். மருத்துவம் படிக்கும்போதே தனக்கு அது உறைத்துவிட்டதாகவும், அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இத்தனை வருஷம் அட்டையை மாற்றாமல் விட்டதாகவும் சொன்னார்.

டிரைவர் கொஞ்ச நேரம் இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்ன இருந்தாலும் புதுசு ஆயிற்றே என்று மனசு இளகியது.

"விடு. சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் என்ன தெரியும்? என்னை யாரும் கேலி பண்ணக் கூடாதுன்னுதானே சொல்லிக் குடுத்த."

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை.

"கேலிக்காக இல்லடா. நீ முதல் பெஞ்சுக்குப் போயிட்டா, என் பக்கத்துல யாரு உக்காருவா?"