உதிர்ந்த அறை

மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டுத் தில்லைநாயகி திரும்பியபோது அவளுடைய அறையைக் காணவில்லை. வீடு உயிருள்ள வாகை மரம். அறைகள் அதன் கிளைகள். கதவு இருந்த இடத்தைப் புதுப் பட்டை மூடியிருந்தது.

மரவீடு பார்ப்பவர் வந்து தட்டிப் பார்த்தார். "வெளிச்சம் படாத கிளைய மரம் வச்சுக்காதும்மா. ரூமும் அப்படித்தான். லைட்டே போடலைன்னா மூணு மாசம் பார்க்கும், அப்புறம் உதிர்த்துடும்."

"மறந்துட்டேம்மா" என்றான் மகன் குமரகுரு, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திரும்ப முளைக்குமா?" என்று வந்தவரிடம் கேட்டாள் தில்லைநாயகி.

"விடாம வெளிச்சம் காட்டுங்க, முளைக்கும்."

மருமகள் உமாவதிதான் தன் மேசை விளக்கைக் கொண்டுவந்தாள். "இது நல்லா பிரகாசமா எரியும் அத்தை."

தில்லைநாயகி ஹாலில் பாய் விரித்து, விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டாள். இருபதாம் நாள் பட்டை வெடித்து, பட்டாணி அளவில் ஒரு மொட்டு வந்தது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அதுக்குள்ளயா?" என்றான் அவன்.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, விளக்குக்கும் மொட்டுக்கும் நடுவில் கொடி கட்டி, கனத்த போர்வை ஒன்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான் குமரகுரு.

"மாடில வெயில் ஜாஸ்திம்மா. சாயம் போயிடும்."

போர்வை சுத்த வெள்ளையாக இருந்தது.