யாரையும் குறை சொல்லாத கூட்டம்

“புது வெர்ஷனை நான்தான் ஏத்தினேன். சோதிச்சுப் பாக்கல. என் தப்புதான்.”

அக்கா எழுந்து நின்று இதைச் சொன்னதும் எங்கள் நிறுவன இயக்குநர் கைதட்டினார். வாயில் பாதி பிஸ்கட். தட்டத் தட்ட மேசைமேல் தூள் உதிர்ந்தது.

அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினோம்.

மேசைக்கு ஒரு பக்கம் மென்பொருள் எழுதுகிறவர்கள். மறுபக்கம் அதை இயக்கிப் பராமரிக்கிறவர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள்.

அதை மாற்றத்தான் ஆறு மாதமாக இந்த டெவ்ஆப்ஸ் கூத்தெல்லாம். இரண்டு பக்கமும் ஒரே குழுவாம். தவறு நடந்தால் யார் என்று தேடக்கூடாதாம், ஏன் என்று மட்டும்தான் கேட்க வேண்டுமாம்.

முந்தின நாள் நண்பகலில் அந்தப் புது வெர்ஷனை ஏற்றியதும் எங்கள் ஆம்புலன்ஸ் பதிவு மென்பொருள் நாற்பது நிமிடம் செத்துக் கிடந்தது. நெஞ்சுவலி வந்த ஒரு பெரியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் காய்கறி வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய நல்ல நேரம்.

ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பராமரிப்புப் பிரிவில் பதினோரு வருடம். யாருக்கு எது வேலை செய்யாவிட்டாலும் முதலில் அக்காவுக்குத்தான் போன் போகும். மகள் கல்லூரியில் சேர இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்த வெர்ஷனை எழுதிய மூத்த நிரலாளன்தான், சீக்கிரம் சீக்கிரம் என்று நான்கு முறை போன் போட்டு அவரை விரட்டியவன். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

அவன் நகத்தில் அழுக்குத் தேடிக்கொண்டிருந்தான்.



அக்கா உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பாரம் இறங்கிய முகம். லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

இயக்குநர் விரலை நக்கினார். பிறகு, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற குரலில், லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் வெளியே வரமுடியுமா என்று அக்காவைக் கேட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மனிதவளப் பிரிவுப் பெண் ஒரு உறையுடன் நின்றிருந்தாள். உறைமேல் அக்காவின் பெயர் முன்பே அச்சாகியிருந்தது.

அக்காவுக்கு உடனே புரியவில்லை. திரும்பி வருவோம் என்ற நினைப்பில் தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கதவு மூடியது. பக்கத்தில் இருந்தவன் அக்காவின் நாற்காலியில் தன் பையைத் தூக்கி வைத்தான். நாற்காலியின் சூடுகூட ஆறியிருக்காது.

யாரோ ஏசியைக் குறைக்கச் சொன்னார்கள். யாரோ பிஸ்கட் தட்டை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார்கள். கடிக்கிற சத்தம். ஆறு மாதமாக ‘நம்பிக்கை’, ‘வெளிப்படை’ என்று மென்றதும் இதே வாய்கள்தான்.

வெளியே அக்காவின் குரல் ஒருமுறை உயர்ந்தது. அப்புறம் லிஃப்ட் மூடும் ஓசை.

அத்தனை பேரும் தத்தம் போனைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவன்கூட எழவில்லை. த்தூ என்று இருந்தது.

இயக்குநர் திரும்பி வந்தார். கையை டிஷ்யூவில் துடைத்துப் பந்தாக உருட்டிப் போட்டார். கூட்டத்தைத் தொடரும்படி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கூட்டம் என்னுடையது. இந்த நிறுவனத்தின் பழக்கவழக்கத்தை மாற்றுவதற்கென்றே பொறுக்கி எடுத்து, தனிப் பதவி கொடுத்து உட்கார வைத்த ஆள் நான்.

அன்று காலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அக்கா என்னிடம்தான் கேட்டார், உண்மையைச் சொல்லிவிடலாமா தம்பி என்று.

“தைரியமா சொல்லுங்கக்கா. நான் இருக்கேன்ல?” என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை. இருந்தேன். நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தேன்.