மேடம் கேட்ட கலர்

"இந்தக் கலரும் பிடிக்கலை" என்றாள் நீலா.

ஏணி மேல் நின்றிருந்த கார்மேகத்துக்கு, கையிலிருந்த ரோலரை அவள் தலையிலேயே உருட்டிவிடலாமா என்றிருந்தது.

ஹால் சுவருக்கு இது நாலாவது கலர். முதலில் சந்தனம். அப்புறம் இளம்பச்சை. அப்புறம் சாம்பல். இப்போது ரோஸ்.

"என்ன குறை மேடம்?"

"சாயங்கால வெளிச்சத்துல அழுக்கு மாதிரி தெரியுது. வேற பாருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கீழே பக்கெட்டைக் கலக்கிக்கொண்டிருந்த ஐயப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதடா. இதுக்குப் பேரு பணக் கொழுப்பு" என்றான் கார்மேகம்.

அபுதாபியில் அந்த வில்லா, நீலாவின் கணவருக்கு அவர் கம்பெனி கொடுத்தது. வருஷா வருஷம் வெயில் முடிகிற சமயத்தில் வீட்டுக்குப் பெயின்ட் அடித்து, முன்பக்கம் பூச்செடி நட்டுக் கொடுப்பது கார்மேகம் வேலை பார்க்கும் மெயின்டனன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. குடியிருப்பவர்கள் 'திருப்தி' என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆட்களை அடுத்த வேலைக்கு அனுப்ப முடியும்.

இந்தத் தடவை செப்டம்பர் முதல் வாரமே அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் வேலை. வெளிச்சுவரை முதலில் முடிக்கச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர் ரகுநாதன்.

"வெளியில அப்புறம். முதல்ல ஹால்" என்றாள் நீலா.

சரி, மண்ணையாவது கொத்தி வைப்போம் என்று மண்வெட்டியை எடுத்தால், "இப்ப நட்டா பெட்டூனியா கருகிடும். உள்ளே வாங்க" என்றாள்.

உள்ளே போனவர்கள்தான். ஹால் முடியவில்லை.

முசஃபாவில் அவர்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில், சாப்பாட்டு நேரத்தில் கார்மேகம் துண்டை முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு, "அழுக்கு மாதிரி தெரியுது... வேற பாருங்க" என்று இழுத்துப் பேசிக் காட்டுவான். ரூமே உருண்டு சிரிக்கும். 'பச்சோந்தி மேடம்' என்று அவளுக்குப் பேரும் வைத்தாயிற்று.

ஆனால் அவன் எரிச்சலுக்குக் காரணம் வேறு. இந்த வீடு முடிந்ததும் ஒரு பெரிய கோடவுனின் தகரக் கூரைக்குப் பெயின்ட் அடிக்கப் போக வேண்டும். அங்கே தினமும் ஓவர்டைம் உண்டு. ஊரில் அவன் வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுகொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசியில் ரகுநாதனே நேரில் வந்தார்.

"மேடம், இந்த ரெண்டு பேரும் வந்தாத்தான் கூரை வேலையை ஆரம்பிக்க முடியும். கொஞ்சம் பார்த்து சைன் பண்ணிடுங்க."

"எனக்குத் திருப்தி இல்லாம எப்படிப் போடுவேன்? மூலையில திட்டுத் திட்டா இருக்கே, தெரியலையா?"

ரகுநாதன் கண்ணை இடுக்கிக்கொண்டு மூலையைப் பார்த்தார். திட்டு எதுவும் தெரியவில்லை. வாசலுக்கு வந்து கார்மேகத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பொம்பளையைத் திருப்திப்படுத்தத் தெரியாத நீயெல்லாம் என்னய்யா பெயின்டர்?"

கார்மேகத்துக்குக் காது சுட்டது.

நவராத்திரி வந்தது. ஹாலில் ஏணியும் டப்பாவும் கிடக்க, நீலா படுக்கையறை மூலையில் மூன்றே படி கட்டிக் கொலு வைத்தாள். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஒரு கலரைப் பார்த்து எடுக்கக்கூடவா தெரியாது? ஒரு மாசமா இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்காளோ!" என்று ஒருத்தி வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்.

கார்மேகம் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டான்.

அக்டோபர் பாதியில் ஒன்பதாவது தடவையாக "வேற பாருங்க" என்றபோது அவன் ஒரு முடிவுக்கு வந்தான். புது டப்பா எதையும் திறக்கவில்லை. முதன்முதலில் அடித்து மிச்சம் வைத்திருந்த சந்தனக் கலரையே எடுத்து அடித்தான்.

நீலா வந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். காற்று குளுகுளுவென்று வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. இதைத்தான் கேட்டேன்" என்றாள்.

அடுத்த மூன்று நாளில் வெளிச்சுவரும் முடிந்தது, பெட்டூனியாவும் நட்டாயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

வேனில் ஏறியதும் கார்மேகம் டிரைவர் கௌஸ் முகைதீனிடம் கொட்டித் தீர்த்தான்.

"பாய், இப்படி ஒரு பைத்தியத்தை நான் பார்த்ததே இல்லை. கடைசியில பிடிச்சிருக்குன்னு சொன்னது எது தெரியுமா? முத நாள் அடிச்ச அதே கலரு! கண்ணு இருக்கா, இல்லையா அதுக்கு?"

கௌஸ் சிரிக்கவில்லை. சிக்னலில் வண்டியை நிறுத்தினார்.

"சொல்லக் கூடாதுன்னாங்க. வேலைதான் முடிஞ்சிருச்சே, சொல்றேன். முத நாள் கேட்டுக்கு வெளியே ஐயப்பன் வெயில் தாங்காம வாந்தி எடுத்தான்ல?"

"ஆமா. நான் பின்பக்கச் சுவர்ல ஏணி சாத்திக்கிட்டிருந்தேன்."

"அவனுக்குத் தண்ணி கொடுத்துட்டு அந்தம்மா என்கிட்ட வந்தாங்க. 'இங்க முடிச்சா இவங்க அடுத்து எங்க போவாங்க?'ன்னு கேட்டாங்க. தகரக் கூரைக்குன்னேன். 'வெயில் எப்பக் குறையும்?'னாங்க. அக்டோபர் பாதி ஆயிடும்னேன்."

சிக்னல் பச்சையானது. கௌஸ் கியரைப் போட்டார்.

"'சரி பாய், அதுவரைக்கும் எனக்கு எந்தக் கலரும் பிடிக்காது'ன்னாங்க."