ஒரு தொலைநோக்கி போதும்

நோய்த்தொற்றுக்குப் பிறகு, கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நாடக அரங்கு இன்றுதான் திறக்கிறது. மேலங்கிகளை வாங்கி வைக்கும் மேசையைச் சுற்றி ஈரக் கம்பளியும் கிருமிநாசினியும் சேர்ந்து மணக்கின்றன. சைராவின் மேலங்கியை வாங்கிக்கொண்ட பணிப்பெண் புருல், பழைய பழக்கத்தில், மேடையைக் கிட்டத்தில் பார்க்க வாடகைக்குத் தரும் சிறு தொலைநோக்கிகள் இரண்டை நீட்டுகிறாள். "அத்தான் எங்கக்கா, இன்னும் வாசல்ல சிகரெட்டா?" சைரா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தள்ளுகிறாள். "போன வருஷம் ஜூலையில போயிட்டாரு. ஊரடங்கு. துக்கம் கேக்க யாரும் வர முடியல." பின்னால் நிற்கும் கிழவர், "ஏம்மா, மணி அடிச்சாச்சு, கதையை அப்புறம் வெச்சுக்குங்க" என்கிறார். புருல் மேலங்கியைக் கீழே வைத்துவிட்டு, இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பிரார்த்திக்கிறாள். அதைப் பார்த்ததும் கிழவர் டிக்கெட்டைப் பைக்குள் செருகிவிட்டுத் தானும் கை விரிக்கிறார். வரிசை நெடுகக் கைகள் விரிகின்றன. முடிந்ததும் எல்லோரும் முகத்தைத் தடவிக்கொள்ள, விரல்கள் முகக்கவசத்தின் மேல் வழுக்கி இறங்குகின்றன. அடுத்த மணி ஒலிக்கிறது. கிழவர் உட்பட அனைவரும் அவசரமாக சைராவைக் கடந்து படியேறிப் போகிறார்கள். இருக்கையில் அமர்ந்து சைரா தொலைநோக்கியைக் கண்ணில் வைக்கிறாள். எப்போதும் கணவர்தான் அதைத் திருகிச் சரிசெய்து கொடுப்பார். திரை உயர்ந்த பிறகும் மேடை மங்கலாகவே தெரிகிறது. அவள் திருகாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.