ஆப்பிரிக்காப் புலி

"ஆப்பிரிக்காக் காட்டுல புலிக்குப் பஞ்சமே கெடையாது. எங்கிட்டுத் திரும்புனாலும் புலிதான்."

அஞ்சாம் வகுப்பு வாத்தியார் ஆத்மநாதன் இப்படி அடித்துச் சொன்னபோது, ஹெட்மாஸ்டர் ரெங்கராஜன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆப்பிரிக்காவில் ஏது புலி?

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் விளையாடப் போகவில்லை. திபுதிபுவென்று வராந்தாக் கோடிக்கு ஓடினார்கள். அங்கேதான் லைப்ரரி.

லைப்ரரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கண்ணாடி பீரோ, ஒரு நீள பெஞ்சு. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இலுப்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு, நாற்பதுகளின் தொடக்கத்தில், அதுவே அதிகம். டிராயிங் வாத்தியார் ரத்தினவேல் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். பீரோக்கள் வந்த புதிதில் கரப்பான்பூச்சியைத் தவிர யாரும் அவற்றை அண்டியதில்லை.

"சார், ஆப்பிரிக்காவுல புலி இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? மேல்தட்டுல மிருகங்களைப் பத்திப் புஸ்தகம் இருக்கு. எடுத்துப் பாருங்க" என்றார் ரத்தினவேல்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் புஸ்தகமும் கையுமாக வகுப்புக்குத் திரும்பினார்கள். ஆத்மநாதன் அதை வாங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அட, ஆமா. சிங்கந்தான் இருக்காம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

வகுப்பே சிரித்தது. ஜன்னலோரம் இன்னும் நின்றிருந்த ஹெட்மாஸ்டருக்கு மானம் போனது. போன வாரம் இதே மனுஷர் வௌவால் முட்டை போடும் என்றார். அதற்கு முன்னால் திமிங்கிலத்தை மீன் சாதியில் சேர்த்தார்.

சாயங்காலம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆத்மநாதன், நீங்க வீட்டுல பாடத்தைப் பார்த்துட்டு வர்றதே இல்லையா?"

"திருத்திக்கிறேன் சார்."

"ரத்தினவேல், நீங்க செய்யறது அதைவிட மோசம். கூட வேலை பாக்குற மனுஷனைப் பிள்ளைங்க மடக்குறதுக்குப் புஸ்தகம் எடுத்துக் குடுக்குறீங்க. வாத்தியார் மானத்தை வாங்கவா லைப்ரரி வச்சிருக்கோம்?"

"கேட்டதைக் குடுத்தேன் சார்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். சரியான பகை என்று ஹெட்மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார்.

"திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வாரார். ஆத்மநாதனை ஒண்ணாங் கிளாசுக்கு மாத்தச் சொல்லப் போறேன். அனா ஆவன்னாவுல தப்பு வராது பாருங்க. அன்னைக்கே பீரோச் சாவியும் என் கைக்கு வந்துரணும்."

ஆத்மநாதன் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஹெட்மாஸ்டர் கையமர்த்தினார்.

"நாளைக்கு அஞ்சாம் வகுப்பை நானே எடுக்குறேன். பாடம்னா எப்படி இருக்கணும்னு பாருங்க."

மறுநாள் கோட்டும் தலைப்பாகையுமாக ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் நுழைந்தார். பாலைவனம்தான் பாடம். கரும்பலகையில் பெரிதாக ஓர் ஒட்டகம் வரைந்தார். திமிலுக்குள் அலை அலையாகக் கோடு போட்டார். 

"இது என்ன தெரியுமா? தண்ணித் தொட்டி. ஒட்டகம் கிணத்தைக் கண்டா வயிறு முட்டக் குடிச்சு, தண்ணியை இந்தத் திமில்ல சேத்து வச்சுக்கும். தாகம் எடுக்குறப்போ எடுத்துக்கும். அதான் கடவுளோட ஏற்பாடு."

பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். வாத்தியார் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் மிகவும் விரும்பி நடத்துகிற பாடம் அது.

மணி அடித்தது. திபுதிபுவென்று அதே ஓட்டம்.

ஹெட்மாஸ்டர் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஓடட்டும், இன்றைக்கு ஒன்றும் அகப்படாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக லைப்ரரிக்கு நடந்தார்.

அவரைக் கண்டதும் பிள்ளைகள் விலகி நின்றார்கள். செவந்தி என்ற பெண் ஒரு புஸ்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லை சார்."

"குடு."

வாங்கிப் பார்த்தார். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இன்னொரு தரம் படித்தார். காது இரண்டும் சுட்டது. ரத்தினவேல் தூரத்துப் பீரோவில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல வேளை, இந்தப் பக்கம் திரும்பவில்லை.

செவந்தி கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"சார், நீங்களும் ஆத்மநாதன் சார் மாதிரி வேணும்னேதானே தப்பாச் சொன்னீங்க?"

"வேணும்னேயா?"

"ஆமா சார். நாங்க புஸ்தகம் எடுத்துப் படிக்கணும்னுதான். நாளைக்கு என்ன தப்புச் சொல்றதுன்னு ரெண்டு சாரும் சாயங்காலம் இங்கன ஒக்காந்து பேசி வச்சுக்குவாங்க. நாங்க கேட்டிருக்கோம். எங்களுக்குத் தெரியும்னு சொல்லிராதீங்க சார். பாவம், மனசு ஒடிஞ்சு போயிருவாங்க."

ஹெட்மாஸ்டர் புஸ்தகத்தை மூடி அவளிடமே நீட்டினார்.

"ஆமாம்மா. வேணும்னேதான் சொன்னேன்."

பிறகு பீரோப் பக்கம் திரும்பி, "ரத்தினவேல், சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். ஆத்மநாதனும் அஞ்சாம் வகுப்புலயே இருக்கட்டும்" என்றார். ரத்தினவேல் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

ஹெட்மாஸ்டர் வேகமாக வராந்தாவில் இறங்கப் போனார். செவந்தி விடவில்லை, பின்னாலேயே வந்தாள்.

"ஆத்மநாதன் சாருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது சார், அதுலயே கண்டுபிடிச்சிருவோம். நீங்கதான் நெசம் மாதிரியே சொன்னீங்க."