பனிக்குள் இரண்டு விசில்

மார்கழி மூடுபனியில் பத்தாவது கொண்டை ஊசி வளைவு காணாமல் போயிருந்தது. ஓட்டுநர் ஆறுச்சாமி பேருந்தை நிறுத்தினார். இப்படிப்பட்ட பனியில் நடத்துநர் இறங்கி, முதுகில் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு முன்னால் நடப்பது அந்த மலைப்பாதையின் வழக்கம். அந்த வெள்ளையைப் பார்த்தே பேருந்து பின்னால் ஊர்ந்து வரும்.

போன மார்கழியில் இதே வளைவில், "எறங்கி நடப்பா, நேரமாச்சு" என்று நடத்துநர் நாச்சிமுத்துவை அனுப்பியது ஆறுச்சாமிதான். எதிரே வந்த லாரிக்கு அந்தத் துண்டு தெரியவில்லை. விசாரணையில், "அவராத்தான் எறங்குனாருங்க" என்று ஆறுச்சாமி சொல்லிவிட்டார்.

வாரிசு வேலையில் நடத்துநராக வந்திருக்கும் நாச்சிமுத்துவின் மகள் சுகந்தி இப்போது பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள்.

"வேண்டாங் கண்ணு, பனி கலையட்டும்."

"அப்பா யாரும் சொல்லாமயே எறங்குனாருன்னு நீங்கதானுங்களே மாமா சொன்னீங்க? நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது.

"அதான் புள்ள எறங்கிருச்சே, எடுங்க டிரைவரே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பனிக்குள் வெள்ளைத் துண்டு கொஞ்சம் தெரிந்தது, பிறகு மறைந்தது. 'வரலாம்' என்று நாச்சிமுத்து ஊதுவதைப் போலவே இரண்டு விசில் கேட்டது. ஆறுச்சாமியின் கால் பிரேக்கை விட்டு எழவில்லை. விசில் மறுபடியும் கேட்டது, இன்னும் தொலைவிலிருந்து.